நீ அனுப்பிய கேப்ஸ்யூல் படம்

அன்புள்ள கார்த்தி,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய புரோபயாட்டிக் டப்பாவின், அதாவது குடலுக்கு நல்லது என்று பாக்டீரியாவை அடைத்து விற்கும் கேப்ஸ்யூல் டப்பாவின், படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். டாக்டர் எழுதித் தந்த பிரஷர் மாத்திரையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டுவிட்டு இதைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்கிறாய். இந்த வயதில் 154/98 என்றால் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

குடல் பாக்டீரியாவுக்கும் பிரஷருக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். என்னை மாதிரி விலங்கியல் வாத்தியாருக்கு அதைப் படிக்கப் படிக்க ருசிதான். நீ இருக்கும் பெர்லினிலேயே மாக்ஸ் டெல்புரூக் மையத்தில் செய்த ஆராய்ச்சி 2017இல் நேச்சர் இதழில் வந்தது. எலிகளுக்கு உப்பை அள்ளிக் கொடுத்ததும் குடலில் இருந்த லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒரு வகை குறைந்துபோனது. அழற்சியைத் தூண்டும் டிஎச்17 என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்கள் பெருகின, பிரஷர் ஏறியது. அந்தப் பாக்டீரியாவை ஊட்டியபோது ஏற்றம் மட்டுப்பட்டது. ஆரோக்கியமான 12 ஆண்களுக்கும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 6 கிராம் உப்பை 14 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பிரஷர் கூடியது, லாக்டோபேசில்லஸ் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு நீ கேப்ஸ்யூல் வாங்கப் போனாய். என் கண்ணில் படுவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். நீ தின்கிற ரொட்டி, சீஸ், சாசேஜ் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு இருக்கிறது. மாவடுவும் புளித்ததுதானே என்று கேட்டிருந்தாய். புளித்ததுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் அல்லவா ஊறுகிறது?

கேப்ஸ்யூல் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2014இல் ஒன்பது பரிசோதனைகளை, 543 பேரை, சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. புரோபயாட்டிக்கால் மேல் எண் சராசரியாக 3.6 அளவும், கீழ் எண் 2.4 அளவும் இறங்கின. அதுவும் எட்டு வாரமாவது சாப்பிட்டு, தினம் பத்தாயிரம் கோடி பாக்டீரியாவாவது உள்ளே போனால்தான் பலன் தெரிந்தது. உன் டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலுக்கு ஆயிரம் கோடி என்று போட்டிருக்கிறது. அப்போ தினம் பத்து விழுங்கப் போகிறாயா? அப்படியே விழுங்கினாலும் 154 எங்கே, 3.6 எங்கே! நான் சாப்பிடும் மாதிரி ஒரு சாதாரண பிரஷர் மாத்திரை எட்டு, பத்து இறக்கிவிடும்.

தயிரை வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பில்லாத தயிர் தாராளமாகச் சாப்பிடு. மோர்க்குழம்பைக் கணக்கில் சேர்க்காதே, கொதித்தால் பாக்டீரியா செத்துப்போகும். பயறு, கீரை, ஓட்ஸ் என்று நார்ச்சத்தும் வேண்டும். குடலில் இருப்பவை அதைத் தின்றுதான் அசிட்டேட், புரோப்பியோனேட் மாதிரி அமிலங்களைத் தருகின்றன. புரோப்பியோனேட் எலிகளில் பிரஷரைக் குறைத்திருக்கிறது.

மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி. கேப்ஸ்யூலும் வேண்டுமென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடு. காலையிலும் ராத்திரியிலும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேஜைமேல் வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பிரஷர் பார். அதற்கு அரை மணி முன்னால் காபி கூடாது. எண்களை எனக்கும் அனுப்பு.

அம்மா உனக்கு அனுப்ப மாவடு பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். வேண்டாமென்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டை வரும்.

அன்புடன்,
அப்பா