உன் தங்கையின் முதல் ஆல்பம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் சித்தப்பா மகளின் பியானோ ஆல்பம் வெளியாகிவிட்டது. அவளே இசையமைத்து, அவளே வாசித்தது. உனக்கும் அனுப்பியிருப்பாள். உனக்கு வேலை நெருக்குகிறது என்று தெரியும். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். இதை வேறு வேலைக்கு நடுவே கேட்டுவிடாதே.

முதலில், கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டையை அழுத்தினால் கம்பி நொடிக்கு 27.5 முறைதான் அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. இவளோ இடது கைக்கு எழுதியதில் முக்கால்வாசியைக் கீழேயே வைத்திருக்கிறாள். ஹெட்போன் போட்டுக்கொள். வரிசையையும் மாற்றாதே. மொத்தம் 9 உருப்படிகள், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று முடிகிற சுரத்திலிருந்தே அடுத்தது கிளம்புகிற இடங்கள் இருக்கின்றன. மாற்றிப் போட்டால் அது தெரியாமலே போய்விடும்.

முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன, பழக்கமான வழியில். மூன்றாவதில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இடது கை நான்கே சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. வலது கை சும்மா இருக்கிறது. இப்போது வரும், இப்போது வரும் என்று நாம் காத்திருக்கிறோம். வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு சுரம், நாம் நினைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழுகிறது. அதன் பிறகு அவள் எதையும் வாசிக்கவில்லை. அது தேய்ந்து முடியும்வரை விட்டுவிடுகிறாள். அந்த இடத்தை நீ கேட்க வேண்டும் அம்மா.

அதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆச்சரியம் என்றால், பியானோவின் குணம் அப்படி. வயலினில் வில்லை இழுக்க இழுக்க ஒரு சுரத்தை வளர்க்கலாம். குரலிலும் முடியும். பியானோவில் முடியாது. கட்டையை அழுத்தியதும் கம்பளி சுற்றிய சுத்தி கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடும். அதோடு விரலின் வேலை முடிந்தது. அந்த நொடியிலிருந்து ஒலி தேயத்தான் செய்யும். 1700 வாக்கில் இத்தாலியில் பார்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி இந்தச் சுத்தியை வைத்துக் கருவி செய்ததே, மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கித் தொட்டால் ஓங்கியும் பேச வேண்டும் என்பதற்காகத்தான். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். தொடும் விதம் வாசிப்பவர் கையில் வந்தது. தேய்வது மட்டும் கையில் வரவில்லை. வாசிக்கப் பழகும் பிள்ளைகள் பலர் அந்தத் தேய்மானத்துக்குப் பயந்து மேலும் மேலும் சுரங்களை அள்ளிக் கொட்டுவார்கள். இவள் பயப்படவில்லை. இந்த வயதில் அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஆறாவதில் பெடல் ஏறி இறங்குகிற சத்தம்கூட இருக்கிறது. கம்பிகள்மேல் படிந்திருக்கும் கம்பளித் துண்டுகள் மேலே எழும்பும்போது மூச்சு விடுவதுபோல் ஒரு ஒலி வரும். மைக்கை அவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறாள். ரெக்கார்டிங்கில் அதை நீக்கியிருக்கலாம் என்று உன் சித்தப்பா சொன்னான். எனக்கு அது இருப்பதுதான் பிடித்திருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். நான்காவது நீளம் அதிகம். சொல்ல வந்ததைப் பாதியிலேயே சொல்லி முடித்துவிடுகிறாள், அப்புறமும் தொடர்கிறது. ஏழாவதில் கீழ்ச் சுரங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே பெடலை விடாமல் மிதித்திருப்பதால், ஒன்றோடொன்று குழம்பி மந்தமாகிவிடுகிறது. இதை அவளிடமே சொன்னேன். "ஆமாம் பெரியப்பா, எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்றாள். முகம் வாடவில்லை. இன்னும் சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். "சூப்பர்", "கலக்கிட்டே" என்று சொல்ல அவளுக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். அன்பால் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் ஒன்றைச் செய்தவளுக்கு, எந்த இடத்தில் கேட்பவர் மனம் நின்றது, எந்த இடத்தில் விலகிப் போனது என்று யாராவது சொன்னால்தான் அடுத்ததை எழுதக் கை வரும். நம் வீட்டுப் பிள்ளை என்பதை ஓரமாக வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு இசைக்கலைஞர் செய்ததைப்போல் கேள். அவளுக்கு நாம் தரக்கூடிய மரியாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன். போன தடவை பேசியபோது, "அக்கா கேட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். நீ சொல்வதற்கு அவளிடம் தனி மதிப்பு உண்டு.

கடைசி உருப்படியின் முடிவைக் கவனித்துக் கேள். பியானோவின் மேல் கோடியில் ஏறக்குறைய 20 கட்டைகளுக்கு ஒலியை அடக்கும் கம்பளி கிடையாது. விரலை எடுத்த பிறகும் அந்தக் கம்பிகள் தானாக அடங்கும்வரை ஒலிக்கும். அவள் கீழேயிருந்து படிப்படியாக ஏறி, அங்கே போய்க் கையை எடுத்துவிடுகிறாள். கருவியை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் இப்படி ஒரு முடிவு தோன்றும்!

ஐந்தாவது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தாளம் நடுவில் எங்கேயோ மாறுகிறது, எந்த இடம் என்று பிடிக்க முடியவில்லை. சின்ன வயதில் நீதான் முறையாகப் படித்தாய். கேட்டுவிட்டு அதைப் பற்றி எனக்கு எழுது. ஆனால் அவளுக்கு முதலில் எழுதிவிடு, சரியா?

அன்புடன்,
அப்பா