படிவத்தின் முதல் வரி

டொங்காட், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன்.

உன் லேசர் ஆய்வுக்காக நீ நிரப்ப வேண்டிய படிவத்தை அனுப்பியிருந்தாயே, அதை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஆய்வால் சமூகத்துக்கு விளைந்த பயன் என்ன என்று கேட்டு அரைப் பக்கம் விட்டிருக்கிறார்கள். முதல் வரியிலேயே புற்றுநோய் சிகிச்சை என்று போட்டால்தான் கண்ணில் படும் என்று உன்னோடு வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். போடாதே அம்மா. ஏன் என்று சொல்கிறேன். அதில் என் குற்றமும் இருக்கிறது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று, அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான்தான் வாயை விட்டேன். "என் மகள் ருமேனியாவில் லேசரை வைத்துப் புற்றுநோயைச் சுடுகிறாள்" என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள், எனக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. கேட்டவர்களில் என்னோடு சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவரின் மனைவியும் இருந்திருக்கிறார். பத்து நாள் கழித்து சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு பஸ் மாறி நம் வாசலில் வந்து நின்றார். கையில் பழுப்பு உறை. கணவரின் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இங்கே வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் கட்டி, அண்ணா. பாப்பாவிடம் சொல்லி சிகிச்சைக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுங்கள்" என்றார். நான் டீ போடப் போனேன். வேறு என்ன செய்வது?

அன்று இரவுதான் போன் போட்டு உன்னை எழுப்பினேன். "அப்பா, எலியின் காது வரைக்கும்தான் வந்திருக்கிறது" என்றாய். பிறகு நீ அனுப்பியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். 2022இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில், லேசரால் முடுக்கிய புரோட்டான்களை, அதாவது அணுக்கருவில் இருக்கும் துகள்களை, எலிகளின் காதில் வளர்த்த கட்டிமேல் செலுத்தியிருக்கிறார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அந்த அம்மா கொண்டுவந்த உறைக்கும் எலிக் காதுக்கும் நடுவே எவ்வளவு தூரம்!

புரோட்டான் சிகிச்சை ஒன்றும் கட்டுக்கதை இல்லை. கேப் டவுன் பக்கம், இன்று இதெம்பா என்று அழைக்கப்படும் ஆய்வகத்தில் 1993இலேயே அதை ஆரம்பித்துவிட்டார்கள். (இதெம்பா என்றால் சூலு மொழியில் நம்பிக்கை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.) ஆனால் அது சைக்ளோட்ரான், காந்தத்தால் துகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு வேகம் ஏற்றும் எந்திரம். லேசர் இல்லை. 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் தண்ணீருக்குள் 26 செ.மீ. போய் நிற்கும். உங்கள் லேசர் வழியில் 2000இல் அமெரிக்காவின் லிவர்மோரில் எட்டியது 58 மில்லியன். அது மூன்று செ.மீ. தாண்டாது. 2024இல் டிரெஸ்டனில் 150ஐத் தொட்டுவிட்டார்கள். எண் ஏறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் லேசரிலிருந்து வரும் கற்றையில் எல்லா வேகமும் கலந்து வருகிறது, ஒரு முறை வந்தது போல மறுமுறை வருவதில்லை என்று நீயே சொன்னாய். மருந்தை இப்படிக் கண்ணளவில் ஊற்ற முடியுமா?

அப்படியானால் அரைப் பக்கத்தில் எதை எழுதுவது என்பாய். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே.

1979இல் தஜிமா, டாசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எழுதினார்கள்: ஒளித்துடிப்பு பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான் பிரிந்து நிற்கும் வாயுவை, கிழித்துக்கொண்டு ஓடும், பின்னால் எழும் அலையில் எலக்ட்ரான் தொற்றிக்கொள்ளும் என்று. கரைவலை இழுத்த உன் தாத்தாவிடம் சொல்லியிருந்தால், இதற்கா இத்தனை காகிதம் என்றிருப்பார். படகு அலையின் வேகத்தைப் பிடித்தால் அலை தூக்கிக்கொண்டு போகும், பிடிக்காவிட்டால் அடியில் நழுவிவிடும். ஆனால் அதற்கு வேண்டிய லேசர் அன்று இல்லை. ஒளியைப் பெருக்கப் பெருக்க, பெருக்கும் கண்ணாடியே பழுதாகிவிடும். 1985இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார் மூருவும் துடிப்பை முதலில் நீட்டி, வீரியம் தணிந்த நிலையில் பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கினார்கள். கொதிகலன்காரனுக்கு இது உடனே பிடிபடும். குழாய் தாங்காத அழுத்தத்தைக் குழாய்க்குள் ஏற்றாதே, வெளியே வந்த பிறகு ஏற்று. ஆலையில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு நோபல் வந்தது 2018இல். முப்பத்து மூன்று வருடம்! நடுவில் எந்தப் படிவத்தில் என்ன நிரப்பினார்களோ.

எனக்கு மிகவும் பிடித்தது அயோடின் கதை. 2003இல் பிரிட்டனின் வல்கன் லேசரால் எலக்ட்ரான்களை முடுக்கி, தங்கத்தில் மோதவிட்டு, அதில் பிறந்த காமா கதிரால், அணுக்கழிவில் இருக்கும் அயோடின் 129இலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிட்டார்கள். பாதியாகக் குறைய 1.57 கோடி ஆண்டு பிடிக்கும் சரக்கு, 25 நிமிடத்தில் பாதியாகும் அயோடின் 128 ஆனது. மாறியது கண்ணுக்குத் தெரியாத துளி. உலகத்து அணுக்கழிவெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒளியை வைத்து அணுக்கருவை மாற்றலாம் என்பது கணக்கோடு நிரூபணமாகிவிட்டது.

ருமேனியாவின் மகுரேலேயில் நீ வேலை செய்யும் லேசர் எந்திரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 பெட்டாவாட், ஒன்றுக்குப் பின்னால் பதினாறு சைபர் போட்ட வாட், என்றால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு துடிப்பில் உள்ள மொத்த ஆற்றலில் நம் வராந்தாவின் அறுபது வாட் பல்பு நாலு வினாடிதான் எரியும். அதை எவ்வளவு குறுகிய நேரத்துக்குள் திணித்தீர்கள் என்பதல்லவா வித்தை! அதை எழுது. நீ அளந்ததை எழுது, உன் அளவை எடுத்து வேறு யார் என்ன செய்தார்கள் என்று எழுது. சிகிச்சை பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் கடைசியில், எலி என்ற சொல்லோடு சேர்த்து எழுது.

போன சனிக்கிழமை உறையைத் திருப்பிக் கொடுக்க சாட்ஸ்வொர்த் போனேன். "என் மகளால் இப்போது முடியாது, நான் பெருமைக்காகச் சொன்னது" என்றேன். அவர் உறையின் மடங்கிய மூலையை விரலால் நீவிவிட்டு அலமாரியில் வைத்தார். உள்ளே படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, ஆலையின் மூன்றாம் கொதிகலனை இடித்துவிட்டார்களா என்று கேட்டார். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது அந்த அம்மா உனக்கென்று மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஊறுகாயை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா