சரயேவோவில் மாண்ட சீமாட்டியும் அவரது பிள்ளைகளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் உலகப் போரின் தொடக்கம் பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் கொல்லப்பட்டவர்களை ‘ஒஸ்திரிய இளவரசரும் மனைவியும்’ என்ற ஒரே வரியோடு விட்டுவிட்டது. அந்த மனைவி சோபி ஹோட்டெக்கைப் பற்றியும் அவரது பிள்ளைகளைப் பற்றியும் சிறிது எழுத இடந்தர வேண்டுகிறேன்.

1868 இல் பிறந்த சோபி, பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பழைய பிரபுக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். ஆயினும் அரச வம்சத்தில் சம்பந்தம் செய்யும் தகுதி அக்குடும்பத்துக்கு இல்லையென, ஒஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் வம்சத்தின் அரசவை கருதியது. முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்ட் அவரையே மணப்பதென்று பிடிவாதமாக நின்றதால், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரியணையில் எவ்வித உரிமையும் இல்லையென 1900 ஜூன் 28 அன்று இளவரசரைச் சத்தியம் செய்ய வைத்த பின்னரே சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் திருமணத்துக்கு இணங்கினார். அதன் பின்னும் அரசவை விழாக்களில் சோபி கணவரின் பக்கத்தில் நடக்க முடியாது. இளவரசிகள் எல்லோரும் சென்றபின் கடைசியாகவே செல்ல வேண்டும். சரயேவோவுக்கு இளவரசர் படைத்துறைப் பணியாகச் சென்றதாலேயே, திறந்த மோட்டார் வாகனத்தில் கணவரின் அருகில் அமரும் மரியாதை அவருக்கு அங்கே கிடைத்தது. இறந்த பிறகும் வியன்னாவில் அவரது பேழை கணவரின் பேழையை விடத் தாழ்வாகவே வைக்கப்பட்டது. அரச குடும்பத்தின் கல்லறையில் அவருக்கு இடமில்லை என்பதை முன்பே அறிந்திருந்த இளவரசர் ஒஸ்திரியாவின் ஆர்ட்ஸ்டெட்டனில் கட்டுவித்திருந்த கல்லறையிலேயே இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர்.

இதை நான் கிளிநொச்சியில் படிப்பித்த காலத்தில், “தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையள் பிறகு ஆரோடை இருந்தவை, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். போருக்குப் பின்னர் எங்கள் வன்னியில் கேட்கப்படாமல் இருக்க முடியாத கேள்வி அது. பெற்றோர் கொல்லப்பட்டபோது மகள் சோபிக்கு 12 வயது (தாயின் பெயரே மகளுக்கும்), மக்சிமிலியனுக்கு 11, ஏர்ன்ஸ்ட்டுக்கு 10. தாயின் உறவினர்களே அவர்களை வளர்த்தனர். ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு வீழ்ந்ததும் செக்கோஸ்லோவாக்கிய அரசு, அவர்கள் வளர்ந்த பொஹீமியாவின் கொனோபிஷ்டே மாளிகையைப் பறித்து அவர்களை வெளியேற்றியது. அரியணை என்று வந்தபோது ‘நீங்கள் ஹப்ஸ்பேர்க் அல்லர்’ என்று விலக்கப்பட்ட அதே பிள்ளைகள், சொத்துப் பறிப்பு என்று வந்தபோது ஹப்ஸ்பேர்க் ஆக்கப்பட்டார்கள். என்னால் இன்றுவரை ஏற்க முடியாத அநீதி இது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள், இராணுவம் பிடித்துவைத்த தங்கள் காணிக்காக வீதியோரத்தில் போராடி இருந்ததைக் கண்ட எங்கள் மாணவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

1938 இல் ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய நாசிகள் மகன்மார் இருவரையும் டாகாவ் வதைமுகாமில் அடைத்தனர். மக்சிமிலியன் சில மாதங்களில் வெளியே வந்தார். ஏர்ன்ஸ்ட் 1943 இல்தான் விடுவிக்கப்பட்டு, 1954 இல் காலமானார். சகோதரி சோபி 1990 வரை வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரும் அதன் பின்னான சிறைமுகாமும் அவருடைய மகன்மார் இருவரைக் கொண்டுபோயின.

மாணவர் பக்கத்தில் அடுத்த முறை சரயேவோவைப் பற்றி எழுதுபவர், இக்குடும்பத்துக்கு ஒரு பந்தியாவது ஒதுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிளிநொச்சி.