ஞாயிறு மாலை எஃப்டி8

அமெச்சூர் ரேடியோ நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு 20 மீட்டர் அலைவரிசையில், 14.074 மெகாஹெர்ட்ஸில், எல்லாரும் எஃப்டி8 (கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் டிஜிட்டல் ரேடியோ முறை) முயல்கிறோம். இதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளை முன்பே நிறுவி, உங்கள் அழைப்புக் குறியும் (கால்சைன்) கிரிடும் (இடத்தைக் காட்டும் குறியீடு) போட்டு வையுங்கள். சென்னை என்றால் என்கே03, மதுரை எம்ஜே99.

முக்கியமானது கணினிக் கடிகாரம். ஒவ்வொரு அனுப்பலும் 15 வினாடிக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். நேரம் சில வினாடி பிசகினாலும் திரையில் சிக்னல் கோடு கோடாக ஓடும், ஒரு வரிகூடப் படிக்காது. ஆன்டெனாவைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம் ஆடியோ. கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியை, ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையாத அளவுக்குக் குறையுங்கள், ஸ்பீச் கம்ப்ரஸர் (பேச்சொலியை அழுத்தும் வசதி) அணைந்திருக்கட்டும். பவரை ஏற்ற வேண்டாம். இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடப்பதையும் இது பிரித்தெடுத்துவிடும். அயனமண்டலம் ஒத்துழைத்தால் மொட்டைமாடி வயரும் 20 வாட்டும் ஐரோப்பாவுக்கே போதும். (2017-ல் இதை உருவாக்கிய இருவரில் ஜோ டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். சும்மா இல்லை!)

எதிர்முனையிலிருந்து ஆர்ஆர்73 (‘எல்லாம் கிடைத்தது, வாழ்த்துகள்’ என்ற குறி) வந்ததும் லாகில், அதாவது தொடர்புப் பதிவேட்டில், பதியுங்கள். இருட்டிய பிறகு 7.074 மெகாஹெர்ட்ஸுக்கு மாறலாம்.

உரிமம் இன்னும் வராதவர்கள் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.