ஃபேக்ஸ் கட்டு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. ஆன்-கால் முடிந்து வீடு வந்தால் சோறு போட்டுச் சாப்பிடத் தெம்பிருந்தாலே பெரிய விஷயம். பையன் நீட் எழுதி முடித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். ரிசல்ட் வரும்வரை அவனைச் சும்மா விடு.

“கனடாவில் ஆம்பிளை சர்ஜனுக்கும் உனக்கும் ஒரே சம்பளம்தானே?” என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சம்பளமே கிடையாதடி! அரசு வேலையில் உனக்கும் உன்னோடு சேர்ந்த ஆணுக்கும் ஒரே ஸ்கேல். ஒன்டாரியோவில் எங்களில் பெரும்பாலோருக்குச் செய்த வேலைக்குக் கூலி. ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு குறியீட்டு எண், அதற்கு ஒரு தொகை. அரசுக் காப்பீடான ஓஹிப் கொடுக்கும். பித்தப்பையை நான் எடுத்தாலும் பக்கத்து ஆபரேஷன் தியேட்டர்காரர் எடுத்தாலும் அதே காசு. வந்த புதிதில் இதை உன்னிடம் பெருமையாகச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

2019-ல் ஒரு ஆய்வு வந்து அந்தப் பெருமையைக் கெடுத்தது. 2014 முதல் 2016 வரை இந்த மாகாணத்தில் நடந்த சுமார் 15 லட்சம் அறுவைகளை எடுத்து, அறுவையில் செலவாகும் ஒரு மணி நேரத்துக்கு யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். பெண்களுக்கு 24 சதவீதம் குறைவு. ‘பெண்கள் நிதானமாகச் செய்வார்கள்’ என்று யாராவது இழுப்பார்கள் இல்லையா, அதையும் பார்த்துவிட்டார்கள். அதே அறுவைக்கு இருவரும் எடுக்கும் நேரம் ஒன்றுதான். மணிக்குக் குறைந்த காசு தரும் அறுவைகள் பெண்கள் பக்கம் அதிகமாக வருகின்றன, அவ்வளவுதான்.

எப்படி வருகின்றன என்பதைப் போன மாதம் என் மேஜையிலேயே பார்த்தேன். இங்கே ரெஃபரல், அதாவது வேறு டாக்டர் நோயாளியை எங்களிடம் அனுப்பும் சீட்டு, இன்னும் ஃபேக்ஸில்தான் வருகிறது, சிரிக்காதே. செக்ரட்டரி கிளம்பிய பிறகு அந்த வாரத்துக் கட்டை எடுத்துப் பிரித்து அடுக்கினேன். மார்பகக் கட்டி ஒரு அடுக்கு. மூலம், ஆசனவாய் வெடிப்பு, முதுகில் கொழுப்புக் கட்டி இன்னொரு அடுக்கு. பித்தப்பையும் ஹெர்னியாவும் சேர்ந்தே ஏழு தாள் தேறவில்லை. ஒன்றில், “மிகவும் பயந்திருக்கிறார், பொறுமையாக எடுத்துச் சொல்லவும்” என்று எழுதியிருந்தது. சொன்னேன், முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியைத் தியேட்டரில் கழித்திருந்தால் வரும் காசே வேறு.

2021-ல் வந்த இன்னொரு ஆய்வு, இருபது வருடத்து ஒன்டாரியோ ரெஃபரல்களை, கிட்டத்தட்ட நான்கு கோடியை, எண்ணிப் பார்த்தது. ஆண் டாக்டர்கள் ஆண் சர்ஜன்களுக்கே கூடுதலாக அனுப்புகிறார்கள். அறுவையில் போய் முடியும் கேஸ்களும் பெண்களுக்குக் குறைவு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கூடப் படித்தவன், கால்ஃப் ஆடுபவன் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

என்னை அதிகம் உலுக்கியது ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு. சர்ஜன் கையில் நோயாளி இறந்துபோனால், அந்தச் சர்ஜன் பெண் என்றால், நோயாளியை அனுப்பிய டாக்டர் அவளுக்குக் கேஸ் அனுப்புவது சட்டென்று குறைகிறது. ஆணுக்கு அந்த அளவுக்கு இல்லை. இதோடு நிற்கவில்லை. அந்த டாக்டர் அதே துறையில் உள்ள மற்றப் பெண்களுக்கும் அனுப்பத் தயங்குகிறார்! நான் ஒரு கேஸை இழந்தால், முகமே தெரியாத இன்னொருத்திக்கும் அடி.

நீ மகப்பேறு ஆள், உனக்கும் ஒன்று இருக்கிறது. ஆண் உடலில் செய்வதையும் பெண் உடலில் செய்யும் அதே மாதிரி அறுவையையும் ஜோடி ஜோடியாக வைத்து, பல மாகாணங்களின் கட்டணங்களை 2023-ல் ஒப்பிட்டார்கள். பெண் உடலுக்குச் சராசரியாக 28 சதவீதம் குறைவு. ஆக, கட்டணப் புத்தகமும் அப்படியொன்றும் நடுநிலை இல்லை.

எங்கள் குழுவில் ஒரு யோசனை சொன்னேன்: பெயர் போட்டு வரும் ஃபேக்ஸ் வேண்டாம், பொது வரிசை வைப்போம், யாருக்கு நாள் காலியோ அவருக்குப் போகட்டும். மூத்தவர் ஒருவர், “நோயாளி என்னை நம்பி வருகிறார்” என்றார். நோயாளிக்கு அவர் பெயரே ஃபேக்ஸ் போன பிறகுதான் தெரியும், வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ஹெர்னியாவுக்கும் பித்தப்பைக்கும் மட்டும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் ஆகிறது. இந்த வியாழன் என் லிஸ்டில் நான்கு பித்தப்பை.

சரி, நீ சொல். ஸ்கேல் ஒன்றுதான், ஆனால் சாயங்காலம் உன் கிளினிக்குக்குக் கேஸ் அனுப்புவது யார்? ஒரு மாதம் எண்ணிவிட்டு எழுது. ஜனவரியில் வருகிறேன், கருப்பட்டி வாங்கி வை.

அன்புடன்,
கோமதி