ஹூஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

ஹூஸ்டன், டெக்சாஸ்
22.02.2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் அம்மாயியும் சின்னவனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு முன்பு நீங்கள் போட்ட கடிதம் வந்து வெகு நாளாகிறது. பதில் எழுத உட்காருவதும், ஏதோ வேலை என்று எழுந்துவிடுவதுமாகவே பொழுது போய்விட்டது. போனில் நான் ஒன்று சொன்னால் உங்கள் காதில் வேறொன்று விழுகிறது. இத்தனை வருடம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்த காது, அதைக் குறை சொல்லி என்ன செய்வது. அதனால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன்.

டீக்கடையில் கேட்கிறார்கள், உன் வேலை என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். லாரி ஆபீஸ் என்று சொல்லுங்கள், பொய்யில்லை. நாமக்கல்லை விட்டுக் கடல் தாண்டிப் போய், மேல்படிப்பும் படித்து, கடைசியில் லாரி ஆபீஸிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று சித்தப்பா சிரிப்பார். சிரிக்கட்டும். எங்கள் கம்பெனி ஏற்றுவது டிரான்ஸ்ஃபார்மர், எண்ணெய் ஆலைக்கான இரும்பு உருளை, காற்றாலை இறக்கை என்று ரோட்டில் அடங்காத சாமான்கள். அவற்றுக்கு மாநில அரசிடம் பர்மிட் எடுத்துக் கொடுப்பதுதான் எனக்குச் சம்பளம்.

இங்கே லாரியின் அகலம் எட்டரை அடி. வண்டியும் சரக்கும் சேர்ந்து எடை 80,000 பவுண்டு, நம் கணக்கில் 36 டன் சொச்சம். பெரிய சாலைகளுக்கு மத்திய அரசு வைத்த வரம்பு இது. இதை மீறிப் போக வேண்டுமென்றால் பர்மிட் கொடுப்பதோ அந்தந்த மாநிலம். உயரத்துக்கு மத்திய அரசு வரம்பே வைக்காமல் விட்டுவிட்டது. டெக்சாஸில் 14 அடி வரை போகலாம். வடக்கே ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டி ஓக்லஹோமாவுக்குள் நுழைந்தால் பதின்மூன்றரை அடிதான். இந்தக் கரையில் யோக்கியமாக வந்த வண்டி, பாலம் இறங்கியதும் குற்றவாளி! வாளையாறு செக்போஸ்டில் நீங்கள் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த கதைகள்தான் எனக்கு ஞாபகம் வரும். மூன்று மாநிலம் தாண்டும் லோடு என்றால் மூன்று பர்மிட், மூன்று விதமான விதிகள். ஒரு மாநிலம் தாமதித்தாலும் மற்ற இரண்டும் கையில் இருந்து பயனில்லை.

ஓவர்லோடுக்கும் காசு கட்டினால் விட்டுவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். மணலுக்கும் மூட்டைக்கும் அப்படி விடுவதில்லை. சில்லறை விதிவிலக்குகள் உண்டு, அவற்றை விடுங்கள். சரக்கைப் பிரிக்க முடியுமென்றால் பிரித்து இரண்டு வண்டியில் ஏற்ற வேண்டும். பிரித்தால் அதன் மதிப்பே போய்விடும், அல்லது உபயோகப்படாமல் போகும், அல்லது பிரித்தெடுக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பிடிக்கும் என்றால்தான் அது பிரிக்க முடியாத சரக்கு. அதற்கு மட்டும்தான் பர்மிட். இந்த விதி ஒன்று நம் ஊரில் கண்டிப்பாக இருந்திருந்தால், நம் வண்டியின் ஸ்பிரிங் பட்டை எத்தனை தடவை முறியாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எடை விஷயத்தில் இவர்கள் மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒற்றை ஆக்சிலுக்கு, அதாவது ஒரு சக்கர அச்சுக்கு, 20,000 பவுண்டு, சேர்ந்தாற்போல் இருக்கும் இரட்டை ஆக்சிலுக்கு 34,000. அதற்கும் மேல், ஆக்சிலுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒரு கணக்கு. ஒரே எடைதான், நெருக்கமான சக்கரங்களில் வந்தால் பாலம் தாங்காது, நீளத்தில் பரவி வந்தால் தாங்கிவிடும். லாரியில் போன அந்தப் பெரிய பெருமாள் சிலை கிருஷ்ணகிரியில் நின்றபோது நீங்களும் சித்தப்பாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களே. வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையில் 2018 டிசம்பரில் கிளம்பி, பெங்களூரு போய்ச் சேர 2019 ஜூன் ஆனது. 240 சக்கரம் வைத்த வண்டி. வழியில் கடைகளை இடித்தார்கள், தென்பெண்ணையில் பாலம் தாங்காது என்று ஆற்றுக்குள் மண் பாதை போட்டார்கள். அங்கே சக்கரம் பாலத்தருகே வந்த பிறகு கேட்ட கேள்வியை இங்கே மேஜையிலேயே கேட்டு முடித்துவிடுகிறார்கள். டெக்சாஸில் 254,300 பவுண்டு, அதாவது 115 டன்னைத் தாண்டினால், வழியில் உள்ள ஒவ்வொரு பாலத்தையும் பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்த்துத் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சக்கரம் உருளாது.

பர்மிட் தாளைப் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கும். இந்த ரோட்டில் இத்தனை மைல், இந்த இடத்தில் பக்கத்து ரோட்டுக்கு இறங்கு, மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறு என்று வழி முழுவதும் எழுதியிருக்கும். எழுதிய வழியை விட்டு விலகினால் பர்மிட் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. ஓடும் நேரமும் டிரைவர் இஷ்டம் இல்லை. அகலம், உயரம் மீறிய லோடு பெரும்பாலும் சூரியன் உதிக்க அரை மணி முன்பு தொடங்கி, மறைந்த அரை மணிக்குள் ஓரம் கட்டியாக வேண்டும். ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி நகரங்களுக்குள் காலை மாலை நெரிசலில் நுழையக்கூடாது. பெரிய லோடு என்றால் கிறிஸ்துமஸ் முதலான பண்டிகை நாட்களிலும் நிறுத்தம்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பைலட் வண்டி ஓட்டுகிறவர். பெரிய லோடுக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி போகும், அதன் மூக்கில் நெட்டுக்குத்தாக ஒரு கழி நிற்கும். லோடின் உயரத்தைவிடச் சில அங்குலம் கூடுதலாக அதை வைத்துக்கொள்வார்கள். பாலத்திலோ கம்பியிலோ கழி தட்டினால் பின்னால் வரும் டிரைவருக்கு உடனே ரேடியோவில் சொல்ல வேண்டும். இங்கே 17 அடி உயரத்தைத் தாண்டினால் கழி வண்டி இல்லாமல் கிளம்ப முடியாது. அகலம் 14 அடி தாண்டினால் ஒரு துணை வண்டி, 16 தாண்டினால் முன்னும் பின்னுமாக இரண்டு.

மனிதருக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். சனிக்கிழமையானால் லோடில் கட்டும் சிவப்புக் கொடிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொல்லைக் கம்பியில் வரிசையாகக் காயப்போடுவார். கொடி ஓரடிச் சதுரத்துக்குக் குறையக்கூடாது, சில மாநிலங்களில் ஒன்றரை அடி. கிழிசலும் அழுக்கும் ஆகாது. நம் ஊர்க்காரர் யாராவது பார்த்தால் கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு போல இருக்கிறதே என்பார்கள், அதுவும் டெக்சாஸில்! என் வீட்டுக்குள் நுழையும்போது வாசல் நிலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குனிந்து வருவார். ஆள் ஐந்தரை அடி.

வண்டியில் ஏறினால் கைபேசியை அணைத்துப் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். ஏன் என்று கேட்டால் வாஷிங்டன் மாநிலத்து ஸ்கேஜிட் ஆற்றுப் பாலத்தின் கதையைத் தொடங்குவார். 2013 மே 23 அன்று நடந்தது. லாரிக்கு முறையாகப் பர்மிட் இருந்தது, முன்னால் கழி வண்டியும் போனது. பாலத்தின் மேற்சட்டம் வளைவானது. நடுவில் உயரம் அதிகம், ஓரத்தில் குறைவு. லாரி ஓரத்தில் போனது. லோடு இரும்புச் சட்டங்களில் அடித்துக்கொண்டு போக, பாலத்தின் ஒரு கண் அப்படியே ஆற்றில் விழுந்தது. இரண்டு வண்டிகளும் மூன்று பேரும் தண்ணீரில். நல்லவேளை, மூவரும் பிழைத்தார்கள். கழி வண்டியை ஓட்டியவர் அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் வந்தது. பர்மிட் இருக்கிறது என்றால் பாலத்துக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு என்னையே முறைப்பார், ஏதோ நான் போய் இடித்துவிட்டு வந்தது போல.

ஞாயிற்றுக்கிழமை ரசம் குடிக்க வருவார். சாதம் வேண்டாம், காபிக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். இன்றும் வந்துவிட்டு இப்போதுதான் போனார். கூட இருந்த பையன்கள் இருவரும் டல்லாஸ் பக்கம் வேலைக்குப் போய்விட்டதால் வீடு அமைதியாக இருக்கிறது, எழுதப் படிக்க வசதிதான். வாடகையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்கிறவர். கார் இப்போது இல்லை, பஸ்ஸில் போகிறேன். உட்கார்ந்தே வேலை செய்யும் உடம்புக்கு நடை நல்லது என்று நீங்களே சொல்வீர்கள். குளிர் பற்றி அம்மா கேட்டிருந்தார்கள். இங்கே வடக்கு மாதிரி குளிர் கிடையாது. அம்மாயி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரே போதும். பருப்புப் பொடி இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு லோடுக்கு அளவு சரிபார்க்க விடியுமுன் யார்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது டிரைவர் ஒரு சின்ன இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு டயர் டயராகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் ஒரு டயரில் மட்டும் பொத்தென்று விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். விடிகாலை நாலு மணிக்கு நம் வாசலில் நீங்கள் ஸ்பேனரால் தட்டிக்கொண்டு வருவீர்கள், நான் பாயில் படுத்தபடி எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசி டயர் முடிந்தால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்று தெரியும். எழுந்து வந்து வழியனுப்பியிருக்கலாம், ஒரு நாளும் வந்ததில்லை. அந்த அமெரிக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். டீசல் புகை என்று சொல்லிவிட்டேன். வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் அப்பன் முருகன் துணை இன்னும் அழியாமல் இருக்கிறதா அப்பா? அழிந்திருந்தால் எழுதச் சொல்லுங்கள், அந்தக் காசை நான் தருகிறேன்.

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியிலிருந்து காற்றாலை இறக்கை ஏற்றப் போகிறான், அதற்குப் பெரிய டிரெய்லர் எடுக்கிறான், பெருந்துறை மாமா ஃபைனான்ஸ் பேசித் தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தொழிலை நான் தினமும் மேஜையிலிருந்து பார்க்கிறேன். இதில் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். பர்மிட் வரவில்லை, மழை, மூடுபனி, ஊர்வலம், கிரேன் வரவில்லை என்று நின்றுகொண்டே இருக்கும். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. நிற்கும் நாளுக்கு ஹால்டிங் காசு யார் கொடுப்பது, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கணக்குத் தொடங்கும், பர்மிட் தாமதமானால் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். நல்ல வாடகை என்று மாமா சொல்வது நிஜமாகவே இருக்கும். அது வண்டி ஓடினால் வரும் வாடகை. முதலில் ஒரு வருடம் அப்படி வண்டி வைத்திருப்பவர்களிடம் போய் வேலை பார்க்கட்டும். கோபித்துக்கொள்வான், நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

அதற்காகப் பழைய லாரியைக் கொடுக்கவும் வேண்டாம். அதன் பெயரில் கடன் இல்லை. என் படிப்புக் கடனுக்கு வைத்த கிணற்றுக்காட்டுப் பத்திரம் மீண்டு வரும்வரை, வேறு எதையும் அடகில் வைக்கக்கூடாது என்பது என் எண்ணம். தை மாதம் அனுப்புகிறேன் என்று சொன்ன தொகை கொஞ்சம் தள்ளிப் போகிறது. இங்கே வருமான வரிக் கணக்குக் காட்டும் சமயம், கையிருப்பைக் கலைக்க முடியவில்லை, அவ்வளவுதான். விசாவுக்குக் கம்பெனி மார்ச்சில் பதிவு செய்யும். அதைப் பற்றி அம்மாவிடம் இப்போது எதுவும் பேச வேண்டாம்.

செல்வியின் வளைகாப்பு சித்திரையிலா வைகாசியிலா என்று முடிவானதும் எழுதுங்கள். சீருக்கு என் பங்கைச் சித்தப்பாவிடம் கைமாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள், நான் நேராக அவர் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன். லாரியின் தகுதிச் சான்று, எஃப்.சி., பங்குனியில் முடிகிறது என்று நினைக்கிறேன். அந்தத் தேதியையும் இன்சூரன்ஸ் தேதியையும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். காது டாக்டரிடம் போய்விட்டு வந்தீர்களா இல்லையா என்பதையும் எழுத வேண்டும், அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு.: பெருந்துறை மாமா வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். மூத்தவனைக் கேட்டுத்தான் போடுவேன் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.