விதைக்கிழங்குக்குத் தடை, மண்ணுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நீலகிரியில் உருளைக்கிழங்கு விளைச்சல் குறைவதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மழையையும் மேட்டுப்பாளையம் மண்டி விலையையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழுவான முட்டைக்கூட்டு நூற்புழுவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1961-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இது கண்டறியப்பட்டது நமது உதகையில்தான். இந்தப் புழு பரவாமலிருக்க, இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லக் கூடாது என்ற தடையும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் மலைக்குள்ளேயே வயல்விட்டு வயல் போகும் மண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பதே என் குறை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வாடகைக்கு அமர்த்திய பவர் டில்லர், வேறோர் ஊரின் ஈரமண் அப்பிய சக்கரங்களோடு என் வயலில் இறங்கியது. அன்று அதைப் பொருட்படுத்தவில்லை. சென்ற கார்போகத்தில் (ஏப்ரல், மே மாத நடவில்), அது இறங்கிய அதே மூலையில் செடிகள் குன்றி, நண்பகலில் வாடி நின்றன. அந்தச் சேறுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் ஐம்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வாளி நீரில் மெல்ல அலசியபோது, வேர்களில் கசகசாவினும் சிறிய மணிகள், சில வெண்மையாகவும் சில மஞ்சளாகவும், ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டேன்.

அவை பெண் புழுக்கள். அவை இறந்தபின் உடல்தோலே பழுப்பேறிக் கெட்டியாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கூடாகிவிடுகிறது. அந்தக் கூடு இருபது ஆண்டுகள்கூட மண்ணில் கிடக்கும்; உருளைக்கிழங்கு வேர் கசியவிடும் பொருள் பட்டதும் முட்டைகள் பொரியத் தொடங்கும். கேரட், முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவற்றை மூன்று நான்கு ஆண்டுகள் மாற்றிப் பயிரிட்டால், தாமாகப் பொரிபவை தீனியின்றி மடிவதால் எண்ணிக்கை குறையும். தக்காளி, கத்தரி மாற்றுப் பயிராகா. அவையும் அதற்கு உணவே. 1985-இல் வெளியான குஃப்ரி சுவர்ணா என்ற உருளைக்கிழங்கு ரகம் இதைத் தாங்கும். முட்டைகளைத் துளைத்து உண்ணும் பூஞ்சைகளும் மண்ணில் உண்டு. மட்கிய எருவில் வாழக்கூடிய அவற்றைத்தான் நாம் ஆண்டுதோறும் மருந்து கொட்டி நலிய வைக்கிறோம்.

என் கவலையெல்லாம் கேரட் கழுவும் இடங்களைப் பற்றியது. பல ஊர் வயல்களின் மண் அங்கே ஒரே தொட்டியில் கரைகிறது. முந்தைய போகத்தில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்து மண்ணும் அதில் சேர்த்தி. கழுவிய நீர் ஓடைக்குப் போகிறது, அதே ஓடை நீரைக் கீழேயுள்ளவர்கள் நீர்போகத்துக்கு, அதாவது பாசனத்தில் விளையும் போகத்துக்கு, இறைக்கிறார்கள். படிந்த சேற்றை "நல்ல வண்டல்" என்று வயலுக்கு அள்ளிச் செல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டில்லர்காரர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு இதை யாரும் சொன்னதில்லை. இப்போது என் வயல் முகப்பில் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் துடைப்பமும் வைத்திருக்கிறேன். உழ வருபவர்கள் சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கழுவுகிறார்கள். தோட்டக்கலைத் துறை, கேரட் கழுவும் இடங்களில் சேற்றைத் தங்கவைக்கும் படிவுத் தொட்டியைக் கட்டாயமாக்கி, அந்தச் சேறு மீண்டும் விளைநிலத்துக்குச் செல்லாமல் தடுக்க வேண்டும். அடுத்த கார்போக நடவுக்கு முன் சிறு விவசாயிகளின் மண்ணில் முட்டைக்கூடுகள் உள்ளனவா என்று கட்டணமின்றிப் பார்த்துச் சொல்லவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கேத்தி, நீலகிரி.